நீலச் சட்டைக்குப் போட்ட மாலை

வாயால் உளறியதை இல்லை என்று சாதித்துவிடலாம். மைக்கில் உளறியதைச் சாதிக்க முடியாது. நான்கு மூலையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி நான் உளறியிருக்கிறேன். அதுவும் ஒரு வரி இரண்டு வரி இல்லை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம். (நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவ்வளவு கடமையுணர்ச்சி.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு மைக்செட் கடையில் அறிவிப்பாளராக இருந்தேன். ஜவுளிக்கடை திறப்பு, தேர்த் திருவிழா, குடிநீர் வராத கிழமை, காணாமல் போன ஆட்டுக்குட்டி எல்லாம் என் குரல் வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும். அந்தக் குரல்மீது எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. மற்ற பையன்கள் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினார்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் ஒரு தொழில்முறை கால்பந்து அணி இருந்தது. (இன்னும் இருக்கிறது. அதனால் பெயர் வேண்டாம்.) அந்த வருஷம் அவர்கள் ஆடும் மைதானத்தைப் பெயர்த்துப் போட்டுப் புதுப் புல் நட்டுக்கொண்டிருந்தார்கள். லீக்கில் பாதி ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆட வேண்டும், அதற்குப் பெயர் ஹோம் மேட்ச். சொந்த மைதானம் கைவசம் இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய், 'இன்றைக்கு இதுதான் எங்கள் ஊர்' என்று சொல்லிக்கொண்டு ஆடலாம். அணி முதலாளியின் மனைவிக்கு ரிஷிவந்தியம் பக்கம் தாய்வீடு. மாமனார் ஊரைவிட உரிமையோடு சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு மனுஷனுக்கு வேறு எந்த ஊர் இருக்கிறது? கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் கேரளத்து அணியோடு ஹோம் மேட்ச் என்று முடிவாயிற்று. ஊர் முழுக்க ஆட்டோவில் விளம்பரம் செய்வது, வருகிற அணியை வரவேற்பது, ஆட்டத்தன்று அறிவிப்பது மூன்றும் என் பொறுப்பு. கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்தான்.

விளம்பரத்தில் 'நம்ம டீம், நம்ம ஊரு, நம்ம மேட்ச்' என்று மூன்று நம்ம போட்டு முழங்கினேன். வரவேற்புக்கு ஏற்பாடு செய்திருந்த பேண்டு செட் முனுசாமி அண்ணனுக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது.

"இன்னாபா செல்வம், ஒருபக்கம் சென்னைக்காரன் ஆடறான், இன்னோருபக்கம் கேரளாக்காரன் ஆடறான். நம்ம ஊருக்காரன் ஒருத்தன்கூட இல்ல. அப்பறம் எப்டிபா நம்ம டீமு?"

"வாடகை வூடு மாதிரிண்ணே. வாடகைக்கு இருந்தாலும் நம்ம வூடுன்னுதான சொல்றோம்?"

"அப்டிப் பாத்தா நாமதான வூட்டு ஓனரு. குடி வர்றவனுக்கு ஓனரு எதுக்கு மோளம் அடிக்கணும்?"

அடித்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மேட்ச்சுக்கு ஒரு வாரம் முன்னால் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் மல்லிகா. சின்னசேலத்துக்காரி. கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மலைப் பெண் பிள்ளைகள் முப்பது பேரைக் கால்பந்து ஆடப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"முப்பது பேருக்கும் ஒரே பந்துங்க. அதுவும் தையல் பிரிஞ்சிக்கினு கெடக்குது," என்றாள். "அந்த சென்னை டீம் மேனேஜர் கிட்ட போன்ல பேசனேன். இந்த மேட்ச்சுக்குக் கூட்டம் நல்லா சப்போர்ட் பண்ணா மீதி ஹோம் மேட்ச்சும் இங்கயே வைப்பாங்களாம். அப்டி வச்சா வாரம் ஒருக்கா எங்க பிள்ளைங்களுக்குக் கோச்ச அனுப்பறன்னு சொல்லியிருக்காரு. கூட்டத்த சத்தம் போட வைக்கிறது உங்க கையிலதாங்க இருக்குது."

"கையில இல்லைங்க. தொண்டையில," என்றேன், கொஞ்சம் கம்பீரமாக.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அந்த மேட்ச் எனக்கு உண்மையாகவே நம்ம மேட்ச் ஆகிவிட்டது.

மேனேஜர் ராஜசேகரை நான் நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். "வரவேற்பு பெருசா இருக்கணும். பசங்க நேரா உங்க ஊருக்குத்தான் வர்றாங்க. சொந்த ஊருக்கு வந்த மாதிரி நினைக்கணும். நம்ம டீம் நீலம். மறந்துடாதீங்க," என்றார். நான் மறக்கவில்லை. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்: நீலம், நம்ம.

ஆட்டத்தன்று காலை பத்து மணிக்கே பைபாஸ் சாலையில் இருபது மாலைகளோடு நின்றேன். பக்கத்தில் முனுசாமி அண்ணனும் அவருடைய ஏழு ஆட்களும். மேனேஜர் மைதானத்தில் கோல் வலை கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு ஒரு பெரிய பஸ் வந்தது. ஜன்னலெல்லாம் நீலச் சட்டைகள். நான் சாலைக்கு நடுவில் பாய்ந்து இரண்டு கையையும் தூக்கினேன்.

முனுசாமி அண்ணன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஏம்பா, சென்னை பஸ்ஸு சேலம் பக்கத்துலேர்ந்து வருது?"

"சுத்திக்கினு வந்திருப்பாங்கண்ணே. நீ அடி."

பேண்டு முழங்கியது. முதலில் இறங்கியவர் நைஜீரியாக்காரர். ஆறரை அடி இருப்பார். மாலை போட எனக்குக் கை எட்டாததால் அவரே கோயில் வாசலில் குனிவது மாதிரி குனிந்தார். அடுத்து இறங்கிய ஒல்லியான ஆள் ஆச்சரியத்தோடு, "ஃபார் அஸ்?" என்று கேட்டார்.

"யெஸ் சார். திஸ் இஸ் யுவர் ஹோம் ஒன்லி," என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து, "நன்னி, வளரே நன்னி," என்று மலையாளத்தில் நன்றி சொன்னார்.

இந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். சென்னை என்றால் எல்லா ஊர்க்காரனும்தானே இருப்பான் என்று நான் நினைத்தேன்.

கடைவீதி வழியாக ஊர்வலம் போனோம். முன்னால் பேண்டு, பின்னால் பஸ், நடுவில் என் ஆட்டோ. 'இதோ நம்ம டீம்' என்று நான் கத்த, கடைக்காரர்கள் வெளியே வந்து கை காட்டினார்கள். ஒரு பூக்கடைக்காரம்மா ஜன்னல் வழியாக ஒரு கூடை சாமந்தியை உள்ளே கொட்டினார். பிறகு கல்யாண மண்டபத்தில் சாப்பாடு. காரம் குறைத்து, எண்ணெய் குறைத்து, கோழியும் சோறும் வாழைப்பழமும் என்று மேனேஜர் சொல்லியிருந்தபடி சமைத்திருந்தோம். நானே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடினேன்.

மேனேஜர் போன் செய்தார். "பசங்க வந்தாச்சா? சாப்டாங்களா?"

"ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி சாப்ட்டாங்க சார்."

"குட். தெம்பா ஆடணும்."

"ஆடுவாங்க சார். நான் கேரண்டி."

அந்த நேரத்தில் நிஜமான சென்னை அணி உளுந்தூர்பேட்டையில், ரேடியேட்டர் கொதித்து நின்ற பஸ்ஸுக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நேராக மைதானத்துக்கு வந்து பசியோடு இறங்கியது. மேனேஜர் அவர்களுக்கு அவசரமாக வாழைத்தாரும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுப்பதில் மாட்டிக்கொண்டார். அதனால் என்னைப் பிடித்து விசாரிக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயம்.

இன்னொரு சிக்கலும் அங்கே நடந்துகொண்டிருந்தது. இரண்டு அணிக்கும் நீலம்தான் நிறம். இப்படி வந்தால் வெளியூர் அணி வேறு சட்டை மாற்ற வேண்டும். கேரளக்காரர்கள் மாற்றுச் சட்டை மூட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சரி, நாங்கள் மஞ்சள் போட்டுக்கொள்கிறோம் என்று சென்னை பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டது. இதைச் சொல்ல மேனேஜர் கல்லூரி மொட்டை மாடிக்கு ஓடி வந்தார். அங்கேதான் என் மைக். நான் அப்போது, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சோதித்துக்கொண்டிருந்தேன். குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்ததால் அவர் வாய் அசைந்தது தெரிந்தது, கடைசியில் 'மஞ்சள்' என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

கால்பந்து விதிகளை நான் இரண்டு நாளாகப் படித்திருந்தேன். "தெரியும் சார்," என்றேன். "ரெண்டு மஞ்சள் வாங்குனா ஒரு செவப்பு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் ரெஃப்ரி கூப்பிடுகிறார் என்று யாரோ வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. முன்வரிசை நாற்காலியில் முதலாளியும் அவருடைய மாமனார் வீட்டு ஆட்களும். கோல் கம்பத்துக்குப் பின்னால் மல்லிகாவின் முப்பது பிள்ளைகள். "நீலச் சட்டை அணிந்திருப்பது நம்ம டீம்" என்று ஆரம்பித்தேன். கையில் இருந்த பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தேன். "பத்தாம் எண் சட்டையில், அணித் தலைவர், மிசோரம் மலையிலிருந்து வந்திருக்கும் லால் அவர்கள்" என்று நான் கையை நீட்டிக் காட்டியது, காலையில் குனிந்து மாலை வாங்கிக்கொண்ட அந்த நைஜீரியாக்காரரை. அவர் எதுவும் புரியாமல், தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று கையாட்டினார். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

பத்து நிமிஷம் போனது. ஊரே நீலத்துக்குக் கத்திக்கொண்டிருக்க, மலைப் பிள்ளைகள் மட்டும் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பந்தைத் தொடும்போதெல்லாம் "லாலண்ணா, லாலண்ணா" என்று கூச்சல் போட்டார்கள். விடுதி டிவியில் ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிற பிள்ளைகள். லாலும் அவர்களைப் போல மலைக்காரர் என்பதால் அவர்மேல் தனிப் பிரியம். மொட்டை மாடியில் எனக்குப் பெயர் சரியாகக் கேட்கவில்லை, மஞ்சளுக்குக் கத்துகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நான் மைக்கைக் கிட்டே இழுத்தேன்.

"மலையிலிருந்து வருகை தந்திருக்கும் மாணவியருக்கு ஓர் அன்பான வேண்டுகோள். நம்ம ஊருக்கு வந்து எதிரணிக்குக் கை தட்டுவது அழகல்ல. ஆசிரியை அவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்."

தூரத்தில் மல்லிகா தலையைத் தூக்கி மொட்டை மாடியைப் பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கை காட்டினேன். ஆட்டக்காரர்களை விட்டு நகர முடியாத மேனேஜரும் கீழேயிருந்து கையை ஆட்டினார், அவருக்கும் காட்டினேன்.

அடுத்த பத்து நிமிஷத்தில் இன்னும் இரண்டு வேண்டுகோள் விடுத்தேன். பிள்ளைகள் அடங்கவில்லை. முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் அந்த நைஜீரியாக்காரர் தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் தள்ளினார். "கோல், நம்ம டீம் கோல்" என்று நான் மூச்சு விடாமல் இழுத்தேன். பேண்டு முழங்கியது. முதலாளியின் மச்சான்கள் நாற்காலியில் ஏறி நின்று துண்டைச் சுற்றினார்கள். முதலாளி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தில் மனுஷன் நெகிழ்ந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

மல்லிகா படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"மைக்க ஆஃப் பண்ணுங்க."

நான் சுவிட்சைத் தட்டினேன். (தட்டியது மைக் சுவிட்சை இல்லை. மேஜை விசிறியை.)

"நம்ம டீம் எதுங்க?" என்றாள்.

"நீலம்."

"யார் சொன்னா?"

"மேனேஜர்தாங்க. கையில எழுதி வச்சிருக்கிறேன் பாருங்க."

"நீலம் கேரளாக்காரங்க. நம்மளுது மஞ்சள். அதான் லாலு. அந்தக் குள்ளமா ஓடறாரே, அவுரு."

நான் மைதானத்தைப் பார்த்தேன். உள்ளங்கையைப் பார்த்தேன். "ஆனா மாலை போட்டனே," என்றேன்.

"போட்டீங்க."

"ஊர்வலம் கூட்டிம்போனனே."

"தெரியும்."

"சோறுகூட போட்டனேங்க. ரெண்டு தடவ."

கடைசி வரியை என் குரலிலேயே நான்கு திசையிலிருந்தும் கேட்டேன். 'ரெண்டு தடவ' என்பது எதிரே இருந்த கட்டடத்தில் மோதி இன்னொரு முறை வந்தது. ஆட்டக்காரர்கள்கூட நின்று மேலே பார்த்தார்கள். பிறகு எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, நெருப்பு பிடித்த வைக்கோல் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. மல்லிகா முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

இடைவேளையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பார்ந்த பொதுமக்களே, ஒரு சிறு திருத்தம்" என்று தொடங்கினேன்.

கீழேயிருந்து முனுசாமி அண்ணன் கையைத் தூக்கினார். அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை. "திருத்தம்லாம் வேணாம்பா. மாலை போட்டாச்சி, வூட்டாண்ட கூட்டிம்போயி சோறு போட்டாச்சி. இப்ப போயி நீ எங்காளு இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்குது? நாங்க நீலந்தான்."

ஊரே அதற்குக் கை தட்டியது. முதலாளியின் மச்சான்கள் எல்லாரையும்விட பலமாகத் தட்டினார்கள்.

மேனேஜர் மேலே வந்தார். என்னைத் திட்டவில்லை. மைக்கின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் பாதியில் எனக்கு வேலை இல்லை. எங்கே போவதென்று தெரியாமல் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் மலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அவர்கள் எனக்கு இரண்டு பக்கமும் நல்ல இடைவெளி விட்டு நகர்ந்துகொண்டார்கள். அத்தனை பெரிய கூட்டத்துக்கு எதிராக அந்த முப்பது தொண்டை மட்டும் "லாலண்ணா" என்று கத்தியது. நானும் கத்தினேன். மைக் இல்லாமல் என் குரல் பத்தே நிமிஷத்தில் கிழிந்து, சேவல் கூவுவது மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

லால் ஒரு கோல் போட்டார். போட்டுவிட்டு எங்களைப் பார்த்து ஓடி வந்து கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் எங்கள் கோழியைச் சாப்பிட்டவர்கள் கடைசி நேரத்தில் இன்னொன்று போட்டுவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று. ஹோம் மேட்ச்சில் ஹோம் டீம் தோற்றது, ஊர் பேண்டு வைத்துக் கொண்டாடியது.

மேனேஜர் பஸ் ஏறும்போது என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னார். "தம்பி, நாங்க எத்தனையோ வெளியூர்ல ஆடியிருக்கோம். இவ்ளோ வெளியூரா எந்த ஊரும் இருந்ததில்ல."

மீதி ஆட்டங்கள் வேறு ஊருக்குப் போயின. மலைக்குக் கோச் வரவில்லை. மல்லிகா பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. தையல் பிரிந்த அந்த ஒரு பந்துதான் நெஞ்சில் உருண்டுகொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கரியாலூர் போனேன். மன்னிப்புக் கேட்க மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். முதல் வரி படித்ததுமே ஒரு பெண், "பேச்செல்லாம் வேணாண்ணா. கோல்ல நில்லுங்க," என்றாள். இரண்டு கல்லுக்கு நடுவில் நிறுத்தினார்கள். முப்பது பேர், ஆளுக்கு ஓர் உதை. நான் இரண்டைத் தடுத்தேன், அதில் ஒன்றை மூக்கால். மூக்கில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தபோது மல்லிகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். பந்து பொறுக்கிப் போடுகிற உத்தியோகம். சீசன் முடிந்ததும் ஒரு நாள் லாலே மலைக்கு வந்து இறங்கினார், ஒரு சாக்கு நிறையப் பந்துகளோடு. ஹோம் மேட்ச்சில் தனக்காகக் கத்தினது இந்தப் பிள்ளைகள் மட்டும்தான் என்றார். இரண்டு நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். என்னை அறிமுகப்படுத்தியபோது அவர் கை குலுக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் கேரளத்து அணியின் மைதானத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது. அவர்களுக்கும் ஹோம் மேட்ச் ஆட ஓர் ஊர் வேண்டியிருந்தது. அவர்கள் யோசிக்கவே இல்லையாம். தங்கள் ரசிகர்கள் அதிகமாக இருக்கும் ஊர் கள்ளக்குறிச்சிதான் என்று எழுதிவிட்டார்கள். அதே பேண்டு, அதே சாப்பாடு, முடிந்தால் அதே அறிவிப்பாளர் என்றும் கேட்டிருந்தார்கள். இந்த முறை மல்லிகா முந்திக்கொண்டாள். முதலில் மலைக்கு ஒரு மாதம் கோச் வரட்டும், அப்புறம் ஊர்வலம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டாள். கோச் வந்தார். அந்தப் பிள்ளைகளில் நான்கு பேர் பிறகு மாவட்ட அணியில் ஆடினார்கள்.

மல்லிகா என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். மணமேடையில் மாலை மாற்றுகிற நேரத்தில் அவளுடைய அண்ணன் மைக்கைப் பிடித்து, "மாப்ள, பொண்ணு மூஞ்ச ஒரு தடவ நல்லாப் பாத்துக்குங்க, அப்பறம் போடுங்க," என்றார். தாலி கட்டும்போதுகூடச் சிரிப்பு நிற்கவில்லை. கல்யாண வீடியோவில் அய்யர் சிரிப்பது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

வருஷம் இத்தனை ஆகியும் விடவில்லை. போன மாதம் எங்கள் புதுவீட்டுக்குக் குடி போனோம். சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்ட நான் காலையிலேயே பைபாஸில் போய் நின்றேன். மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, எங்க நிக்கிறீங்க?"

"பைபாஸ்லதாங்க அத்த."

"நாங்க இன்னும் சின்னசேலமே தாண்டலங்க. அதுக்குள்ள எதனா வேன் வந்துச்சின்னா, யாரு இன்னான்னு கேட்டுக்கினு அப்பறமா சோறு போடுங்க."

பின்னால் வேன் முழுக்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.